இருமொழி நாட்டில் ஒன்பது நாள்

ஆண்டு மலருக்கு யாதேனும் ஒன்று எழுதித் தருதல் வேண்டுமென்று இதன் ஆசிரியர் எம்மை மும்முறை கேட்டுவிட்டார். முதலிருமுறையும் தேர்வுத் தாள்களைக் காரணங்காட்டித் தப்பினோம். இம்முறை அதற்கு வழியில்லை. 2025-ஆம் ஆண்டுக் கோடை விடுமுறையில் யாம் நால்வர் இலங்கைக்குச் சென்று மீண்ட செய்தி கலாசாலை முழுதும் பரவிவிட்டமையால், ஆங்கு முதன்முதற் கண்டவற்றுள் மனத்தை விட்டகலாத சிலவற்றை ஈண்டு எழுதத் துணிந்தோம். ஒன்பது நாளிற் கண்டதைக்கொண்டு ஒரு நாட்டை அளந்துவிட்டதாக யாம் கருதவில்லை என்பதை அன்பர்கள் முதலிலேயே அறிவார்களாக.

நால்வருள் இருவர் தமிழாசிரியர். ஒருவர் கணித ஆசிரியர். மற்றொருவர் சென்ற ஆண்டு பட்டம் பெற்று வெளிச்சென்ற மாணாக்கர். கணித ஆசிரியரைப் பற்றி ஒரு சொல் இங்கேயே கூறிவைத்தல் வேண்டும். அவர்தம் அன்னையார் இலங்கையின் மலைநாட்டுத் தேயிலைத் தோட்டமொன்றிற் பிறந்தவர். 1948-இல் இயற்றப்பெற்ற குடியுரிமைச் சட்டத்தால் எந்நாட்டுக் குடிகளும் அல்லாதாராய்ப்போன இலட்சக்கணக்கான தோட்ட மக்களுள் அக்குடும்பமும் ஒன்று. 1964-இல் சிறீமாவோ பண்டாரநாயக்கா அம்மையாரும் லால் பகதூர் சாஸ்திரியாரும் செய்துகொண்ட உடன்படிக்கையின்படி அம்மக்களுள் 5,25,000 பேர் இந்தியாவுக்கும் 3,00,000 பேர் இலங்கைக்கும் எனப் பங்கிடப்பெற்றனர். எஞ்சி நின்ற 1,50,000 பேரைப் பத்தாண்டு கழித்து, 1974-இல், இரு நாடும் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டன. கணக்கிற் பிழையொன்றும் இல்லை, மீதியும் இல்லை என்று கணித ஆசிரியர் இதனைப் பற்றிக் கூறுவதுண்டு. அவர் அவ்வாறு கூறும்போது யாரும் நகைப்பதில்லை.

அன்னையார் 1973-இல், தமது 14-ஆம் வயதில், தலைமன்னாரிற் கப்பலேறி இராமேசுவரத்தில் இறங்கி, மண்டபம் முகாமிற் சிலநாள் தங்கிப் பின்னர் நீலகிரியில் தாயகம் திரும்பியோர்க்கென அரசினர் பயிரிட்ட தோட்டத்திற் கொழுந்து பறிக்கச் சென்றவர். அதன்பின் பிறந்த நாட்டை அவர் மிதித்ததில்லை. மகன் அங்கே செல்கின்றார் என்று அறிந்ததும், பள்ளிக் குறிப்பேட்டின் தாளொன்றிற் சில சிங்களச் சொற்களைத் தமிழெழுத்தில் எழுதிக் கொடுத்தார். நீருக்கு 'வத்துர', விலை யாதென்பதற்குக் 'கீயத', சரி என்பதற்கு 'ஹரி' என்றிவ்வாறு இருபது சொற்கள் இருக்கும். தமிழும் ஆட்சிமொழியாகவுள்ள நாட்டுக்குச் செல்லும் தமிழாசிரியர்க்கு இத்தாள் எற்றுக்கு என்று யாம் சிறிது ஏளனமாகவே கேட்டோம். கணித ஆசிரியர் விடையொன்றுங் கூறாது அதனை மடித்துச் சட்டைப்பையில் இட்டுக்கொண்டார்.

நாகப்பட்டினத்திற்கும் காங்கேசன்துறைக்குமிடையே 2023 அக்டோபரில் தொடங்கி, விரைவில் நின்று, 2024 ஆகஸ்டில் மீண்டும் தொடங்கிய கப்பலிலேயே யாம் சென்றோம். ஏறத்தாழ நான்கு மணி நேரப் பயணம். மதுரையிலிருந்து நாகப்பட்டினம் வந்து சேர்வதற்கு அதனினும் மிகுதியான நேரம் ஆயிற்று என்பதை நினைத்தபோது, இத்துணை அருகிலுள்ள நாட்டை இத்துணை நாளும் யாம் காணாதிருந்தமை எமக்கே வியப்பாயிருந்தது.

காங்கேசன்துறையிற் கால் வைத்ததும் எம் கண்ணைக் கவர்ந்தவை பெயர்ப்பலகைகளே. வட்டமும் சுழியுமாகிய சிங்கள எழுத்து, அதன்பின் எம் தமிழெழுத்து, அதன்பின் ஆங்கிலம் என மூன்று வரிசை. 'குடிவரவு குடியகல்வு' என்று எழுதியிருந்ததன் கீழே தமிழாசிரியர் இருவரும் சிறிதுநேரம் அசையாது நின்றுவிட்டோம். எம் நாட்டு விமான நிலையங்களில் இதற்கு ஆங்கிலச் சொல்லையன்றி வேறொன்றை எவரும் வாயாற் சொல்லக் கேட்டதில்லை. பணம் மாற்றிக்கொண்டபோது அந்நாட்டு ரூபாத்தாளிலும் சிங்களத்தோடு தமிழ் நின்றது. எம் நாட்டுத் தாளின் பின்புறத்தில் 15 மொழிகளின் அடுக்கில் ஒன்றாய்ச் சிற்றெழுத்தில் ஒதுங்கி நிற்கும் தமிழைக் கண்டு பழகிய கண்ணுக்கு இஃதொரு பெருவாழ்வாகத் தோன்றியது. மாணாக்கர் அத்தாளைப் படம்பிடித்து உடனே ஊருக்கு அனுப்பினார்.

யாழ்ப்பாணத்தில் மூன்று நாள் தங்கினோம். இங்கு எம் செருக்குச் சற்றுக் குறைந்தது என்றே சொல்லல் வேண்டும். புகைவண்டி அவர்க்குப் 'புகையிரதம்', மருத்துவமனை 'வைத்தியசாலை', ஆட்டோ 'முச்சக்கர வண்டி', சாலை 'வீதி', சந்து 'ஒழுங்கை', ஊர்தி நிறுத்துமிடம் 'தரிப்பிடம்'. யாம் தங்கிய இல்லத்துப் பெரியவர் முதல்நாள் இரவு, "நாங்கள் கதைக்கிறது உங்களுக்கு விளங்குதோ?" என்று வினவினார். அவர் ஏதோ கதை கூறியதாகவும் அதனை யாம் கவனியாதிருந்துவிட்டதாகவும் எண்ணி, மன்னிக்க வேண்டுமென்று கேட்டுக்கொண்டோம். பேசுதலையே அவர்கள் கதைத்தல் என்பர் என்பது பின்னரே விளங்கிற்று. அவர் 'ஓம்' என்றபோதெல்லாம் எம் மாணாக்கர் அவரை மிக்க பக்திமான் என்று கருதிக்கொண்டிருந்ததும் இங்கே சொல்லத்தக்கது. 'ஆம்' என்பதே அங்ஙனம் ஒலிக்கும்.

வட்டுக்கோட்டைக்குச் சென்றது எமக்குக் கடமைபோலிருந்தது. மதுரையில் 1834-இல் அமெரிக்க மிஷனைத் தொடங்கியோர் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவரே யாதலின், எம் போன்ற கலாசாலைகட்கு அவ்வூர் பாட்டி வீடு என்னும் முறை. 1823-இல் அங்கே தொடங்கிய செமினரியிற் பயின்ற சி. வை. தாமோதரம் பிள்ளையும் கறோல் விசுவநாத பிள்ளையுமே சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகள். கலித்தொகையை 1887-இல் முதன்முதல் அச்சேற்றித் தந்தவர் அத்தாமோதரனாரே. எம் வகுப்பறையில் ஆண்டுதோறும் யாம் கலித்தொகை கற்பிக்கின்றோம். அதனை ஏட்டினின்று மீட்டவர் எங்கே பயின்றார் என்று ஒருநாளும் மாணாக்கர்க்குச் சொன்னதில்லை. யாழ்ப்பாணப் பொது நூலகத்திற்குச் சென்றபோது பேச்சு எழவில்லை. 1981-இல் ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் எரிந்த இடம் அது. இப்பொழுது வெள்ளைக் கட்டடம் மீண்டும் எழுந்து நிற்க, உள்ளே பள்ளிப் பிள்ளைகள் தலை நிமிராது படித்துக்கொண்டிருந்தனர்.

எம் இல்லத்துப் பெரியவர் அரசாங்க எழுதுவினைஞராயிருந்து ஓய்வு பெற்றவர். சிங்களம் அறிவீரோ என்று கேட்டோம். அவர் சிரித்தார். 1956-இல் சிங்களம் ஒன்றே ஆட்சிமொழியெனச் சட்டமாயிற்று. 1958-இல் தமிழுக்குச் சில இடங்கள் ஒதுக்கப்பெற்றன. 1987-இற் செய்த பதின்மூன்றாந் திருத்தத்தினாலேயே தமிழும் ஆட்சிமொழி என்று அரசியலமைப்பில் எழுதப்பெற்றது. இவற்றுக்கிடையே சிங்களத் தேர்விற் தேறினாலன்றிப் பதவி உயராது என்றிருந்த காலத்தில் அவர் வேலைக்குச் சேர்ந்தார். "சின்ன வயதிலே அனுராதபுரத்திலே இருந்தனாங்கள். பெடியளோடை விளையாடிச் சிங்களம் நல்லாக் கதைப்பன். பிறகு, படிச்சால்தான் சம்பளம் எண்டு பிடரியிலே பிடிச்சினம். அண்டைக்கு விட்டது தம்பி" என்றார். கற்ற மொழியொன்றை ஒருவர் வேண்டுமென்றே மறக்க முயலுதல் கூடும் என்பதை யாம் அதற்கு முன் கேள்வியுற்றதில்லை.

பின்னர்த் தெற்கு நோக்கிப் புகையிரதம் ஏறினோம். போரினால் 1990-இல் நின்றுபோய் 2014-இல் மீண்டும் யாழ்ப்பாணத்தை எய்திய பாதை அது. கிளிநொச்சி கடந்து வவுனியா வரையில் வண்டியிற் கேட்டதெல்லாம் தமிழ். அதற்கப்பால் ஒவ்வொரு நிலையத்திலும் தமிழ் சிறிது சிறிதாய் இறங்கிச் செல்லச் சிங்களம் ஏறிக்கொண்டது. பலகைகளில் மட்டும் இரண்டும் மாறாது அருகருகே நின்றன. எம்மெதிரே முஸ்லிம் வணிகர் ஒருவர் அமர்ந்திருந்தார். அவர் எம்மொடு தமிழிலும், பக்கத்திலிருந்த சிங்கள மூதாட்டியாரொடு சிங்களத்திலும், இடையிடையே மூதாட்டியார் எம்மைப் பற்றிக் கேட்டவற்றை எமக்கும் எம் விடையை அவர்க்குமாக மாற்றி மாற்றியும் பேசிக்கொண்டு வந்தார். இரு மொழியும் எப்பள்ளியிற் கற்றீர் என்றோம். "பள்ளிக்கூடத்திலயா? சந்தையில" என்றார்.

எமக்குத் தோன்றியதை மறையாது கூறுவோம். இருமொழி நாடு என்று யாம் கேள்விப்பட்டிருந்தது அந்நாட்டுச் சட்டத்தையும் பலகையையுமே. மக்களுட் பெரும்பாலோர் ஒருமொழியினரே. இரண்டும் அறிந்தவர் நடத்துநர், கடைக்காரர், வேலை தேடி அயலூர் சென்றோர் முதலியவராய் இருந்தனர். அறியாவிடின் அவர்கட்கு அன்றைய உணவு இல்லை. பதவியில் உயர உயர இரண்டாவது மொழி குறைந்து ஆங்கிலம் மிகுகின்றது. இதைச் சொல்லும் தகுதி எமக்குண்டோ என்ற ஐயமும் உடன் எழுந்தது. எம் கலாசாலையிலிருந்து சில மணி நேரத்திற் சென்று சேரும் கேரளத்தின் எழுத்துக்களை எம்முள் எத்தனை பேர் கூட்டிப் படிப்போம்?

கண்டியில் ஒரு நாள். அதன் சிங்களப் பெயர் மஹநுவர. யாழ்ப்பாணம் அவர்க்கு யாப்பனய, மட்டக்களப்பு மடகலபுவ. ஒரே ஊர் இரு பெயரோடு வாழ்வதைக் காண இரட்டைப் பிள்ளைகளுக்கு வேறு வேறு சட்டை அணிவித்தாற் போலிருந்தது. அங்கே ஓரிடத்தில், எவ்விடம் என்பது வேண்டா, தமிழ் அறிவிப்பொன்றில் மூன்று வரிக்குள் ஐந்து பிழை கண்டோம். ஒற்று இல்லை, 'ந' நிற்கவேண்டிய இடத்தில் 'த' நின்றது, இறுதி வரி பொருளே தரவில்லை. ஆசிரியப் பழக்கத்தாற் செந்நிற எழுதுகோலைத் தேடாத குறையாக யாம் சினந்து பேசினோம். உண்மையிற் சினப்பதற்குக் காரணம் உண்டு. ஒரு மொழியை எழுதுவதற்கு அம்மொழி அறிந்தார் ஒருவரைக்கூட அமர்த்தாமை அதனை மதியாமையே. ஆயினும் கணித ஆசிரியர் அப்பொழுதுதான் தம் சட்டைப்பைத் தாளை எடுத்து, 'கீயத' என்பதை அக்கடைவீதியில் ஒருவரிடம் சொல்லிப் பார்த்தார். தமிழெழுத்திற் கண்டபடி அவர் சொல்லிய சொல்லைக் கேட்டுக் கடைக்காரர் தம் தோழரையும் அழைத்து, மறுமுறை சொல்லச் சொல்லிக் கேட்டு மகிழ்ந்தார். எத்துணைப் பிழை என்று யாம் எண்ணவில்லை.

மறுநாட் புகையிரதத்தில் அட்டன் சென்று, அங்கிருந்து அன்னையார் பிறந்த தோட்டத்துக்குப் பேருந்தேறுவது எம் ஏற்பாடு. இடையில் ஒரு சிற்றூரில் வண்டி மாறல் வேண்டும். நடத்துநர் கூவிய ஊர்ப்பெயர் எம் செவிக்கு யாம் செல்ல வேண்டிய ஊரின் பெயராகவே ஒலித்தது. பலகையை நோக்கி உறுதி செய்தோம் அல்லோம், தவறு எம்முடையதே. ஒரு மணி நேரங் கழித்து, தேயிலை முடிந்து வயலும் பலாமரமுமாய்ப் பள்ளத்தில் இருந்த ஊரொன்றிற் பேருந்து நின்றுவிட்டது. இறங்கியவர் அவரவர் வீடு சென்றனர். மாலை ஐந்து மணி, மழை தூறிக்கொண்டிருந்தது. தமிழ் அறிந்தவர் ஒருவரும் அங்கில்லை. எம் ஆங்கிலமும் அவ்வூரிற் செல்லுபடியாகவில்லை. கடவுச்சீட்டும் பணமும் கையிலிருந்தும், கடலில் விழுந்தவரைப் போல் நின்றோம்.

ஒரு தேநீர்க் கடையின் வாயிலில் எழுபது வயது மதிக்கத்தக்க அம்மையார் ஒருவர் எம்மையே நோக்கிக்கொண்டிருந்தார். பின்னர்க் கையை அசைத்து, "என்ன, என்ன" என்றார். தமிழ் கேட்ட மகிழ்ச்சியில் தமிழாசிரியர் இருவரும் விரைந்து, "ஒன்றுமில்லை அம்மா, வழி தவறிவிட்டோம்" என்று தொடங்கி முழுக் கதையையும் உரைத்தோம். அவர் பொறுமையுடன் கேட்டிருந்து, மீண்டும் "என்ன" என்றார். விளங்கவில்லை போலும் என்று இன்னும் உரக்க, இன்னும் செந்தமிழாக, முதலிலிருந்து சொன்னோம். மூன்றாம் முறையும் "என்ன" என்றார். கணித ஆசிரியர் தாளைப் பார்த்துவிட்டு மெல்ல, "ஐயா, சிங்களத்தில் 'என்ன' என்றால் 'வாருங்கள்' என்று பொருளாம். மழையில் நனையாமல் உள்ளே வரச் சொல்கிறார்" என்றார். மூன்று முறை அழைத்தும் உள்ளே வராது மழையில் நின்று சொற்பொழிவாற்றிய எம்மைப் பற்றி அவர் யாது கருதினாரோ.

உள்ளே சென்றோம். அங்கிருந்த இளைஞன் எம்மை 'அய்யா' என்றழைத்து நாற்காலி நகர்த்தினான். பெருமதிப்புத் தந்தான் என்று மகிழ்ந்தோம். அவர்கள் மொழியில் அது தமையன் என்னும் உறவுப்பெயர் என்று தாள் கூறிற்று. அம்மா அவர்க்கும் அம்மாவே. அக்காள் அவர்க்கும் அக்காவே. ஆயினும் உறவுப்பெயர்களைக் கொண்டு பேருந்து எப்பொழுது வரும் என்று கேட்டறிதல் இயலாது. தாளிலுள்ள இருபது சொல்லும் தீர்ந்துவிட்டன. அப்பொழுது கணித ஆசிரியர் கைப்பேசியை எடுத்து நீலகிரியிலிருந்த தம் அன்னையாரை அழைத்து, இரண்டு சொல்லிற் செய்தி கூறி, அதனைக் கடைக்கார அம்மையார் கையிற் கொடுத்தார்.

முதலில் எதிர்ப்புறத்தில் நெடுநேரம் ஓசையில்லை. அம்மையார் ஏதோ கேட்டார். பின்னர் ஒற்றைச் சொல்லாக, இடைவிட்டு இடைவிட்டு, கிணற்றில் நெடுநாள் கிடந்த வாளியை மேலே இழுப்பதுபோல அன்னையார் குரல் வந்தது. அம்மையார் முகம் மாறியது. அவர் விரைந்து பேசினார். அன்னையாரும் விரைந்து பேசினார். இருவரும் ஒருங்கே பேசினர். தம் அன்னையார் சிங்களம் பேசக் கணித ஆசிரியர் அதுவரை கேட்டதேயில்லை. அவர் எழுந்து வெளியே சென்று மழையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

கைப்பேசி எம்மிடம் வந்தது. "கடைசி பஸ் ஆறரைக்கு வருமாம். வந்த வழியாவே போகுமாம். நடத்துநருக்கு இவங்க சொல்லிவிடுவாங்களாம். அதுக்குள்ள ஏதாச்சும் சாப்பிட்டுப் போங்கன்னு சொல்றாங்க. பலாக்காய் வெச்சிருக்காங்களாம், வேணாம்னு சொல்லிப்புடாதீங்க" என்றார் அன்னையார். உண்டோம். பணம் கொடுக்க முயன்றதற்கு அம்மையார் கையை மறைத்துக்கொண்டார். அவர் கூறுவதை நீலகிரிக்கும், அங்கிருந்து வருவதை எமக்குமாகக் கைப்பேசி கைமாறிக்கொண்டே இருக்க, அந்த ஒன்றரை மணி நேரமும் அவ்வூரும் யாமும் இருமொழியினராய் இருந்தோம். ஆறரைக்குப் பேருந்து வந்தது. அம்மையார் சாலையின் நடுவில் நின்று அதனை நிறுத்தினார்.

தோட்டத்தைப் பற்றிச் சொல்ல மிகுதியில்லை. மறுநாள் சென்றோம். அன்னையார் குறித்துக் கொடுத்த லயம் அவ்விடத்திலேயே இருந்தது. ஆறாவது அறையில் வேறொரு குடும்பத்தார் வாழ்ந்தனர். தகரத்தின்மேல் கல் வைத்திருந்தார்கள். கொழுந்து பறித்துத் திரும்பிய பெண்மணி எம்மை அமரச் செய்து தேநீர் தந்தார். தேயிலை விளையும் இடத்திற் குடித்த அத்தேநீர் மிக எளிய தூளால் ஆனது. கணித ஆசிரியர் வாயிற்படியில் அமர்ந்து ஒரு படம் எடுத்துக்கொண்டார்.

ஊர் திரும்பியபின் அவர் தம் அன்னையாரைக் காணச் சென்று வந்தார். பேருந்துச் செய்தி முடிந்தபிறகும் அவ்வம்மையாரோடு அத்துணை நேரம் பேசியது யாது என்று கேட்டாராம். அக்கடைக்கு அடுத்த மலையின் மறுபுறத்திலேயே தம் தோட்டம் என்பதும், சிறுமியாய்த் தந்தையாரொடு வார இறுதியிற் காய்கறி வாங்க அப்பள்ளத்து ஊர்களுக்கு இறங்கிச் சென்று அங்குள்ள சிறுமியரோடு விளையாடியே அம்மொழியைக் கற்றதும் அன்னையார் கூறினாராம். இறுதியில் அவ்வம்மையார் 'கெதர என்ன' என்றாராம். 'வீட்டுக்கு வா' என்பது அதன் பொருள்.

"நீங்கள் யாது சொன்னீர்கள்?"

"ஹரின்னு சொல்லிப்புட்டேன்" என்றாராம்.

அன்னையார்க்குக் கடவுச்சீட்டுப் பெறுவதற்கான விண்ணப்பத்தைக் கணித ஆசிரியர் இப்பொழுது நிரப்பிக்கொண்டிருக்கின்றார். பிறந்த இடம் என்னும் கட்டத்தில் தோட்டத்தின் பெயரை எழுதுவதோ, அருகிலுள்ள ஊரின் பெயரை எழுதுவதோ என்று நேற்றும் ஆசிரியர் அறைக்கு வந்து எம்மைக் கேட்டார்.